டிங்க்

பங்சார் சவுத்தில் பன்னிரண்டாவது மாடி.
கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து
ஜனங்களுக்குப் பெயர் வைக்கிறோம்.
நாள் நட்சத்திரம் பார்ப்பதில்லை.
மூன்றெழுத்து போதும்,
வாயில் உருண்டால் சரி.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம்
ஹென்ரிக்கு என்ன பிடிக்கும்
ஹென்ரி எந்தக் காடி வாங்குவார் என்று
எல்லோரும் கவலைப்பட்டார்கள்.
புது முதலாளி போலிருக்கிறது என்று
நானும் கொஞ்சம் கவலைப்பட்டேன்.
நிறையச் சம்பாதித்தும்
இன்னும் பணக்காரர் ஆகாதவர்களாம் ஹென்ரி.
எங்கள் புளோக்கிலும் இருக்கிறார்கள்,
முதல் பாதி மட்டும் பொருந்தாது.

பி-ஃபோர்ட்டி, எம்-ஃபோர்ட்டி, டி-டுவெண்ட்டி:
அது அரசாங்கம் கிழித்த கோடு.
கோட்டின்மேல் நாங்கள்
சம்பளத்துக்குக் கோலம் போடுகிறோம்.

இன்றைக்கு டிங்க்.
சூ மெய் திரையில் படம் காட்டுகிறாள்:
இரண்டு சம்பளம், பிள்ளை இல்லை.
சனிக்கிழமை நேரம் கழித்து எழுவார்கள்.
பதினெட்டு வெள்ளி காப்பியைக் கூசாமல் குடிப்பார்கள்.
வருஷத்துக்கு இரண்டு பயணம்.
நாய் இருந்தால் டிங்க்வாட்.
எல்லோரும் சிரித்தோம்.
டிங்க்வாட் என்று சொல்லிப் பாருங்கள்,
சிரிப்பு வரும்.

'கங்கா, உனக்குத் தெரிந்த டிங்க் யாராவது உண்டா?
பேட்டிக்கு வேண்டும். ஐம்பது வெள்ளி வவுச்சர்.'
உண்டு என்றேன்.

செந்தூலில், ஏழாவது மாடியில்,
குளிர்பெட்டியின் நடுத்தட்டில்
நேற்றைய மீன் குழம்புக்கும் தயிருக்கும் இடையே
நீல மூடி போட்ட ஊசிகள்.
ராத்திரி ஒன்பது மணிக்கு ஒன்று.
பதினோரு நாள்.
நவநீதன்தான் போடுகிறான்,
லாரி ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கை.
குத்துவதற்கு முன்
என் வயிற்றில் ஒருமுறை ஊதுவான்,
சூடான தேத்தண்ணியை ஊதுகிற மாதிரி.
ஏன் என்று நான் கேட்டதில்லை.

சனிக்கிழமை ஆறு மணிக்கே
கிளினிக் வாசலில் எண் எடுக்கணும்.
வருஷத்துக்கு இரண்டு பயணம், அது உண்மை.
பஸ்ஸில், பினாங்குக்கு.
அங்கே ஒரு டாக்டர் கைராசிக்காரர் என்றார்கள்.

போன வருஷம் உதவிக்கு மனுப் போட்டோம்.
அவன் ஓவர்டைம் காசு, மாசம் நூற்று நாற்பது வெள்ளி,
எங்களைத் தூக்கி எம்-ஃபோர்ட்டியில் வைத்துவிட்டது.
எம்-ஃபோர்ட்டி ஆகிவிட்டோம் அத்தை என்றேன்.
மாமியார் பதவி உயர்வென்று நினைத்து
பாயசம் வைத்தார்.
முந்திரி கூடப் போட்டிருந்தார்.
அதைக் குடித்துவிட்டு அவரை வழியனுப்ப
ஏழு மாடி இறங்கி, ஏழு மாடி ஏறினோம்.
லிஃப்ட் பழுது.
உயர்ந்தவர்கள் ஏறத்தானே வேண்டும்.

கேள்வித்தாள் தயாரிப்பது என் வேலை.
ஒன்பதாவது கேள்வி: பிள்ளை இல்லாததற்குக் காரணம்?
அ. இப்போதைக்கு வேண்டாம்.
ஆ. எப்போதுமே வேண்டாம்.
இ என்று தட்டினேன்.
பக்கத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல்
ஒரு கோடு மட்டும் இழுத்துவிட்டேன்.
'இதை யார் நிரப்பப் போகிறார்கள்?' என்றாள் சூ மெய்.
ஆனால் அழிக்கவில்லை.

இருநூற்று நாற்பது தாள் திரும்பி வந்தது.
கோட்டில் எழுதியவர்கள் நாற்பத்தொரு பேர்.
செராஸிலிருந்து ஒருவர்: 'ஒன்பது வருஷம்.'
கெப்போங்கிலிருந்து: 'அவருக்குத் தெரியாது.'
ஒருத்தி பேனாவை ஊன்றியிருக்கிறாள்,
புள்ளி மட்டும் விழுந்திருக்கிறது,
மை பின்பக்கம் வரை இறங்கி.
அதற்குக் குறியீட்டு எண் கேட்கிறது கணினி.
எண் போடாமல் சேமிக்க விடமாட்டேன் என்கிறது.
போடாமலே மூடினேன்.

எட்டே கால்.
டிங்க் என்றது லிஃப்ட்.
கதவு திறந்தது, உள்ளே யாருமில்லை.
ஒன்பதுக்குள் வீட்டில் இருக்கணும்.